மைக்குக்குக் கை தெரியாது

அத்தியாயம் 14

தம்பி இறந்து அன்றோடு நூறு நாள். மூன்று வருடம் எல்லோருடைய காதிலும் இருந்த குரல், இருபத்தாறு வயதில், ஒரு ஹோட்டல் குளியலறைத் தரையில் நின்றுபோனது. நாலு வயதில் பேச்சு சரியாக வருவதற்கு முன்பே அவனுக்குச் சீட்டி அடிக்க வந்துவிட்டதால் வீட்டில் அவனை விசில் என்றார்கள். பின்னால் அதுவே சுவரொட்டிகளில் ஏறியது.

போன வாரம் மருத்துவமனையிலிருந்து அக்காவுக்கு ஓர் உறை வந்தது. அவள் அதைப் படித்துக்கொண்டே பாலைப் பொங்கவிட்டதைப் போன அத்தியாயத்தில் பார்த்தோம். நாலு பக்க அறிக்கை. இதயம் நின்றதற்கான காரணமும், ரத்தத்தில் இருந்த பொருள்களின் பெயர்களும் அவளுக்கு முன்பே தெரிந்ததுதான். அவளை நிறுத்தியது வேறு வரி. தொண்டை, குரல்நாண்கள்: இயல்பு நிலை.

ஒரு குறையும் இல்லாத தொண்டை. ஆனால் மூன்று வருடமாக அவன் "தொண்டைக்கு" என்று எதையோ வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தான். ஒலிப்பதிவு அறையில் அந்தச் சொல் எல்லோருக்கும் பழக்கம். வெந்நீர் கேட்பது மாதிரி கேட்பான். யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். அவளும் பார்த்ததில்லை.

அக்கா ஒலித்தொகுப்பாளர். பாடகர் பத்து தடவை பாடினால் நல்லதை வைத்து, மற்றதை வெட்டி, இருமல், நாற்காலிச் சத்தம், காகிதச் சலசலப்பு எல்லாவற்றையும் துடைத்து ஒரே பாட்டாக்கிக் கொடுப்பது அவள் வேலை. ஸ்டூடியோவில் அவள் பெயர் கத்திரி. தம்பி மட்டும் கத்திரிக்காய் என்பான்.

வேகமாக வேலை செய்கிறவர்கள் காதால் வெட்டுவதில்லை. கண்ணால் வெட்டுவார்கள். திரையில் குரல் மலை மலையாக எழுந்திருக்கும். இரண்டு மலைக்கு நடுவில் கோடு தட்டையாகக் கிடக்கும். தட்டை என்றால் பாடாத நேரம். பிடி, அழி, அடுத்ததற்குப் போ. தம்பியின் நாற்பத்தொரு பாட்டை அவள் அப்படித்தான் துடைத்தாள். ஒரு தட்டைக் கோட்டைக்கூடக் கேட்டதில்லை.

நாற்பத்திரண்டாவது பாட்டு நூறு நாளாகத் திறக்கப்படாமல் கிடந்தது. அவன் கடைசியாகப் பாடியது. அஞ்சலிக் கூட்டம் மாலை ஆறு மணிக்கு. நாலு மணிக்குள் துடைத்து முடித்துத் தரச் சொல்லியிருந்தார் மாமா.

காலை ஒன்பது மணிக்கு அவள் அதைத் திறந்தாள். பாட்டுப் பகுதியைத் தாண்டினாள். தட்டைக் கோட்டைப் பிடித்து, ஒலியை முடிந்த மட்டும் தூக்கி, கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

முதலில் ஏசியின் முனகல். பிறகு மைக்குக்கு நேராக, பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது போல, தம்பி.

"மாமா, கை நடுங்குது."

அடுத்து வந்தது எறும்பு பேசுவது மாதிரி ஒரு சின்னக் குரல். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர் ஒரு பொத்தானை அமுக்கிப் பேசினால், அது பாடகரின் ஹெட்ஃபோனில் கேட்கும். பாடகர் ஹெட்ஃபோனைச் சத்தமாக வைத்திருந்தால் அது கசிந்து மைக்கிலும் விழும். தம்பி எப்போதும் சத்தமாகத்தான் வைப்பான்.

"மைக்குக்குக் கை தெரியாது. பாடு."

"வாய் காயுது. தொண்டைக்கு வேணும்."

"சரணத்தை முடி. அப்புறம் தரேன்."

"இப்ப வேணும் மாமா."

"நேத்து எத்தனை?"

"ரெண்டு."

"இன்னைக்கு மூணு போட்டுக்கோ. இன்னும் பாதிப் பாட்டு இருக்குல்ல."

அன்று இரவுதான் குளியலறைத் தரை.

அவளுக்கு அழுகை வரவில்லை. நூறு நாளாக யாரைக் கடிப்பது என்று தெரியாமல் தன் கையையே கடித்துக்கொண்டிருந்தவளுக்கு இப்போது ஒரு முகம் கிடைத்துவிட்டது. அந்த முகம் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தது.

அவள் நிறுத்தும் பொத்தானை அமுக்கினாள்.

மாமா அம்மாவின் தம்பி. அப்பா விட்டுப்போன வருடத்திலிருந்து அந்த வீட்டின் ஆண் குரல் அவருடையது. தம்பி பாடத் தொடங்கியதும் அவனுடைய மேனேஜர் ஆனார். யாரிடம் பேசினாலும் தோளில் கை வைத்துத்தான் பேசுவார். இப்போதும் வைத்தார்.

"முடிஞ்சுதா கத்திரி?"

"நாலு மணிக்குன்னுதானே சொன்னீங்க."

"மூச்சுச் சத்தத்தையும் எடுத்துடு. செத்தவன் மூச்சு விடறதைக் கேட்டா ஜனத்துக்கு ஒரு மாதிரி இருக்கும்."

"மூச்சே இல்லாம பாடினா மெஷின் மாதிரி இருக்கும் மாமா."

"மெஷின் சாகாதுல்ல" என்று சிரித்தார். சிரித்துக்கொண்டிருக்கும்போதே கண் நிறைந்துவிட்டது. கைக்குட்டையை எடுத்து ஒற்றிக்கொண்டார். அது நடிப்பு இல்லை. அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. நடிப்பாக இருந்திருந்தால் கன்னத்தில் ஓர் அறையோடு முடிந்திருக்கும்.

மாலை என்ன பேசப்போகிறார் என்பதை அவளிடம் ஒப்பித்துக் காட்டினார். அவன் தன்னிடம் எல்லாவற்றையும் மறைத்துவிட்டான் என்பார். தன் கண் முன்னாலேயே ஒரு பிள்ளை போய்விட்டது, இனி ஒரு பிள்ளையையும் விடமாட்டேன் என்பார். பிறகு போதையை ஒழிக்க தம்பியின் பெயரில் ஓர் அமைப்பைத் தொடங்கப்போவதாக அறிவிப்பார். கைதட்டல் அடங்கியதும் கடைசிப் பாட்டு. "அந்த இடத்துல யாரும் உட்கார்ந்திருக்க மாட்டாங்க பாரு" என்றார்.

அது நடக்கும் என்று அவளும் நினைத்துக்கொண்டாள்.

கதவு வரை போனவர் திரும்பினார். பாட்டுக்கு முன்னால் புதுசு ஒரு பாட்டுப் பாடும் என்றார். புதுசு என்பது அவர் கண்டுபிடித்துக் கொண்டுவந்திருக்கும் பெண், பத்தொன்பது வயது. "நல்ல குரல். மேடையைப் பாத்தா கொஞ்சம் உதறுது. தொண்டைக்குக் கொடுத்தா சரியாயிடும்."

வெந்நீர் மாதிரிச் சொல்லிவிட்டுப் போனார்.

*

மதியம் ஒரு மணிக்கு அக்கா வீட்டுக்குப் போனாள். அம்மாவிடம் சொல்லாமல் அந்தப் பேச்சை மேடையில் போட்டுக்காட்ட அவளால் முடியாது. அம்மாவுக்குப் பிறந்த வீட்டுச் சொந்தம் என்று மிஞ்சியிருப்பது மாமா ஒருவர்தான். மேடையில் அவர் விழும்போது, முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் அம்மாவுக்கு என்ன நடக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.

அம்மா மகனுடைய சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். வெள்ளிப் பொத்தான் வைத்த கறுப்புச் சட்டை. மேடையில் ஒரு தாங்கியில் மாட்டி வைக்க மாமா கேட்டிருந்தாராம். ஒரே கையை நாலாவது தடவையாகத் தேய்த்துக்கொண்டிருந்தாள். கை ஏற்கெனவே பளபளத்துவிட்டிருந்தது.

"சாப்டியா?"

"இல்ல."

"போட்டு வெச்சிருக்கேன். சாப்டு."

"அம்மா, அவனோட கடைசி ரெக்கார்டிங்கைத் திறந்தேன். நடுவுல பேசினதெல்லாம் விழுந்திருக்கு."

இஸ்திரிப் பெட்டி சட்டையின் மேலேயே நின்றது. அம்மா நிமிரவில்லை.

"என் குரலும் இருக்கா?"

சட்டை கருகும் வாடை வந்த பிறகுதான் அக்கா எட்டி பிளக்கைப் பிடுங்கினாள்.

அவள் மாமா என்று சொல்லவில்லை. தொண்டை என்று சொல்லவில்லை. என்ன பேசினார்கள் என்றுகூட அம்மா கேட்கவில்லை. தான் அதில் இருக்கிறோமா என்பது ஒன்றுதான் அவளுக்கு வேண்டியிருந்தது.

"நீ அன்னைக்கு அங்க இருந்தியா?"

"எல்லா நாளும்தான் இருப்பேன். உனக்குத் தெரியாதா? மாமா பக்கத்துல எனக்குன்னு ஒரு நாற்காலி."

தெரியும். அம்மா வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டாமே என்று அந்த நாற்காலியை வாங்கிப் போட்டதே அக்காதான்.

பிறகு அம்மா பேசினாள். துணி மடிப்பது மாதிரி, ஒவ்வொன்றாக எடுத்து, மடித்து, வைத்தாள். முதல் வருடம் அது மிட்டாய் என்றுதான் நினைத்தாளாம். இரண்டாவது வருடம் அவன் நாலு நாள் தூங்காமல் பாடியபோது மிட்டாய் இல்லை என்று புரிந்ததாம். அவன் பாடினால் அந்த அறையில் எல்லோரும் எழுந்து இவளுக்கு இடம் விடுவார்களாம். அதற்கு முன்னால் எந்த அறையிலும் இவளுக்காக யாரும் எழுந்ததில்லை.

"தெரிஞ்சப்புறம் கேட்டியாம்மா?"

"கேக்கல."

"ஒரு தடவகூடவா?"

"கேட்டா நிறுத்தணும்ல."

அக்கா கதவை நோக்கி நடந்தாள். பின்னாலிருந்து அம்மாவின் குரல், சாவகாசமாக, கடைக்குப் போகிறவளிடம் ஒரு சாமானை நினைவூட்டுகிற மாதிரி வந்தது.

"என்னோடதை வெட்டிடுவேல்ல?"

அவள் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினாள். சாப்பாடு தட்டில் அப்படியே இருந்தது.

*

இரண்டரை மணிக்கு மீதியைக் கேட்டாள். மாமா மூணு என்று சொன்ன பிறகு எட்டு விநாடி ஒன்றுமில்லை. பிறகு அதே எறும்புக் குரலில் அம்மா. பொத்தானை அமுக்கியிருந்த மாமாவின் கைக்கு மேல் குனிந்து பேசியிருக்க வேண்டும்.

"போட்டுக்கோ ராசா. எல்லாரும் காத்திட்டிருக்காங்க."

பிறகு மூன்று நிமிடம் ஏசியின் முனகல் மட்டும். தண்ணீர் பாட்டிலின் மூடி திருகும் சத்தம். ஒரு மடக்கு. ஓர் இழுமூச்சு. பாட்டு.

அம்மாவை வெட்ட அவளுக்கு நாலு விநாடி போதும். அவளை விட அதை நன்றாகச் செய்ய யாரும் இல்லை. ஆனால் வெட்டினால் வெட்டின இடம் தெரியும். காதுக்குத் தெரியாது. ஏசியின் முனகல் அந்த இடத்தில் ஒரு நூல் தடுக்கும், கருவி கண்டுபிடித்துவிடும். ஒரு வெட்டு இருந்தால் போதும், மொத்தமும் வெட்டி ஒட்டினது என்று மாமா சொல்லிவிடுவார். எல்லோரும் நம்புவார்கள். கத்திரி என்று பெயர் வாங்கியவள் கொண்டுவரும் சாட்சியை யார் நம்புவது?

முழுசாகக் கொடுத்தால் மாமா விழுவார். அம்மாவும் விழுவாள். வெட்டிக் கொடுத்தால் இருவரும் தப்புவார்கள். இதற்கு நடுவில் மூன்றாவது வழி இருக்கிறதா என்று அரை மணி நேரம் தேடினாள். இல்லை.

காவல்துறைக்குப் போகலாம். அவர்கள் எப்போதோ வழக்கை முடித்துவிட்டார்கள். மாமா அவர்களுக்கு எழுதிக்கொடுத்த வாக்குமூலத்தில் இலக்கணப் பிழைகூட இருக்காது. இந்த ஒலியும் அந்தக் காகிதத்துக்குப் பக்கத்தில் ஓர் அலமாரியில் தூங்கும். தவிர, அவளுக்கு வேண்டியது வழக்கு அல்ல. மாமா கைதட்டலில் வாழ்கிறவர். கைதட்டல் நடுவிலேயே அவரை அடிக்க வேண்டும்.

கோப்புக்குப் பெயர் வைத்தாள்: கடைசிப் பாட்டு, முடிந்தது. ஒரு நூல்கூட வெட்டவில்லை. எறும்புக் குரல்கள் அரங்கத்தின் கடைசி வரிசைக்கும் கேட்கும்படி ஒலியை மட்டும் தூக்கினாள்.

*

அரங்கம் நிறைந்து, படிகளிலும் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். மேடையில் தாங்கியில் சட்டை. ஒரு கையில் இஸ்திரிப் பெட்டியின் முக்கோணத் தடம். அதுவும் ஏதோ அலங்காரம் என்றே ஜனங்கள் நினைத்திருப்பார்கள்.

அக்கா பின்னால், ஒலி மேசையில் நின்றாள். பாட்டைத் தானே போடுவதாகச் சொன்னபோது மாமா நெகிழ்ந்துபோய் அவள் தலையைத் தடவிவிட்டிருந்தார். அம்மா முன்வரிசையில் நடுவில். வரும்போது எல்லோரும் எழுந்து அவளுக்கு வழிவிட்டார்கள்.

புதுசு பாடியது. நன்றாகவே பாடியது. கொஞ்சங்கூட உதறவில்லை. அக்காவுக்கு அது பிடிக்கவில்லை.

மாமா பேசினார். காலையில் ஒப்பித்தது வரிக்கு வரி வந்தது. அமைப்பின் பெயரை அறிவித்ததும் கைதட்டல் எழுந்து, நீண்டு, தானாக அடங்கியது. அவர் கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு பின்பக்கம் பார்த்துத் தலையசைத்தார்.

அவள் அந்தத் தட்டைக் கோட்டின் தொடக்கத்தில் வைத்து, ஓடவிடும் பொத்தானை அமுக்கினாள்.

ஏசியின் முனகல் அரங்கத்தை நிரப்பியது. பாட்டின் ஆரம்பம் என்று நினைத்துப் பலர் கண்ணை மூடிக்கொண்டார்கள்.

"மாமா, கை நடுங்குது."

எங்கோ ஒரு பெண் விம்மினாள். தம்பியின் குரல் அவ்வளவு பக்கத்தில் இருந்தது.

"மைக்குக்குக் கை தெரியாது. பாடு."

இரண்டு நிமிடத்துக்கு முன்னால் இதே அரங்கத்தில் பேசிய அதே குரல். தலைகள் ஒவ்வொன்றாக மேடைப் பக்கம் திரும்பின. மாமாவின் கை இன்னும் நெஞ்சில்தான் இருந்தது. அதை எடுக்க அவர் மறந்துபோனார். தொண்டைக்கு, சரணத்தை முடி, நேத்து எத்தனை, இன்னைக்கு மூணு. ஒவ்வொரு சொல்லாக அவர் மேல் விழுவதை அக்கா பார்த்தாள். கண்ணைச் சிமிட்டாமல் பார்த்தாள். நூறு நாளில் முதல் தடவையாக அவளுக்குப் பசித்தது.

எட்டு விநாடி.

ஒலியைக் குறைக்கும் விசையில் அவள் விரல் இருந்தது. இறக்கினால் போதும். அம்மாவின் பின்தலை அசையாமல் இருந்தது. ஐந்து. நான்கு. அக்கா விரலை எடுத்துக்கொண்டாள்.

"போட்டுக்கோ ராசா. எல்லாரும் காத்திட்டிருக்காங்க."

மாமா விழித்துக்கொண்டார். ஒலிவாங்கியை எடுத்தார். கெட்டிக்காரர், குரலை உயர்த்தவில்லை. வருத்தமாகவே சொன்னார்.

"மன்னிச்சுக்கோங்க. துக்கத்துல பொண்ணுக்கு மனசு சரியில்ல. இது வெட்டி ஒட்டினது. அவ தொழிலே அதுதான். நாங்க அவளைக் கூப்பிடறதே கத்திரின்னுதான்."

அரங்கம் தயங்கியது. அவள் அதைக் காதால் கேட்டாள். ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் எந்தப் பக்கம் சாய்வது என்று யோசிக்கும் சத்தம். பின்வரிசையில் ஒருவர் அவளைத் திரும்பிப் பார்த்துப் பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ சொன்னார்.

முன்வரிசையில் அம்மா எழுந்தாள். படிகளில் ஏறினாள். வயதான முழங்கால், ஒவ்வொரு படியிலும் நின்று நின்று ஏறினாள். மாமா கை கொடுத்தார். அந்தக் கையைப் பிடித்து ஏறி, மறு கையால் அவரிடமிருந்த ஒலிவாங்கியை வாங்கிக்கொண்டாள்.

"வெட்டல" என்றாள். "வெட்டச் சொன்னேன். அவ வெட்டல."

"அக்கா, உட்காரு" என்றார் மாமா அம்மாவிடம். ஒலிவாங்கி இல்லாததால் அது முன்வரிசைக்கு மட்டும் கேட்டது.

"கடைசியா பேசினது நான். அது என் குரல். அதுக்கு முன்னாடி பேசினது இவன். நான் பக்கத்துல உட்கார்ந்திருந்தேன்."

சொல்லிவிட்டு ஒலிவாங்கியைச் சட்டைத் தாங்கியின் காலடியில் வைத்தாள். இந்தத் தடவை அவளுக்காக யாரும் எழவில்லை.

பாட்டை யாரும் நிறுத்தியிருக்கவில்லை. தண்ணீர் பாட்டிலின் மூடி திருகும் சத்தம். ஒரு மடக்கு. தம்பி மூச்சை இழுத்தான். பாடினான்.

அப்புறம்தான் சத்தம் கிளம்பியது. நாற்காலிகள் விழுந்தன. யாரோ மேடையில் ஒரு செருப்பை எறிந்தார்கள். மாமா பக்கவாட்டு வழியாக இறங்கி, சுவரை ஒட்டிப் பின்வாசலுக்கு வந்தார். வெளியே போக ஒலி மேசையைத் தாண்டித்தான் ஆக வேண்டும். சட்டைப் பொத்தான் ஒன்று பிய்ந்திருந்தது. அவள் முன்னால் நின்றார். தோளில் கை வைக்கவில்லை.

"சந்தோஷமா? எனக்கு என்ன தண்டனையோ அதுல பாதி உங்க அம்மாவுக்கு. ஜெயிலுக்கு வந்து பாத்துக்கோ, ரெண்டு பேரையும்."

"வரேன் மாமா" என்றாள் அக்கா. "உங்களைப் பாக்கத் தவறாம வரேன்."

வாசலில் அவரைப் பிடித்து நிறுத்தினார்கள். யார் என்று அவள் திரும்பிப் பார்க்கவில்லை. மேடையில் அம்மா சட்டையின் கருகிய கையைத் தன் கைக்குள் வைத்துக்கொண்டு தனியாக நின்றாள். போய்க் கூட்டிக்கொண்டு வர வேண்டும். அவள் ஒலி மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

யாரோ அவள் முழங்கையைத் தொட்டார்கள். புதுசு. முகப்பூச்சுக்கு மேல் வேர்வை முத்து முத்தாக நின்றது. உள்ளங்கையை விரித்துக் காட்டியது. கசங்கிய வெள்ளைக் காகிதத்தில் ஒரே ஒரு மாத்திரை.

"அக்கா, தொண்டைக்குன்னு மத்தியானம் கொடுத்தாரு."

"ஒண்ணுதானா?"

அந்தப் பெண் உதட்டை நக்கிக்கொண்டாள். வாய் காய்ந்திருந்தது.

"நாலு" என்றாள். கை நடுங்கிக்கொண்டிருந்தது.